பழைய கார் விற்க ஏலமா, நேரடி விற்பனையா? முதல்முறை விற்பவர்களுக்கான செய்முறை

ஷெட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, ஃபியட் 1100-ஓ, அம்மா வழித் தாத்தா ஓட்டிய அம்பாசடரோ நிற்கிறது. விற்றுவிடலாம் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது வெளிநாட்டில் கோடிக்கணக்கில் ஏலம் போன கார்கள்தான். 2022-ல் ஒரு மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். 13.5 கோடி யூரோவுக்குப் போனது. அதைப் படித்தால் நமக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் பழைய கார் வைத்திருக்கும் பெரும்பாலானவர்களுக்கு நேரடி விற்பனைதான் சரி. ஏலம் ஒரு சில கார்களுக்கு மட்டும் பொருந்தும். உங்கள் கார் அந்தச் சிலவற்றில் ஒன்றா என்று கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: காகிதத்தை எடுத்து வெளியே வையுங்கள்

எந்த வழியில் விற்றாலும் வேலை இங்கேதான் ஆரம்பம். பேரம் உடைவது காரின் குறையால் என்பதைவிட ஆர்.சி. புக்கின் (வண்டியின் பதிவுச் சான்று) குறையால்தான் அதிகம். அதனால் இந்தப் படியை அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? இறந்துபோன அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். அண்ணன் தம்பிக்குள் யாராவது ஒருவர் "எனக்கு அந்தக் கார் வேணும்" என்று சொல்லக்கூடும் என்றால், அந்தப் பேச்சை விளம்பரம் போடுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். டோக்கன் அட்வான்ஸ் வாங்கிய பிறகு அது வெடித்தால் சங்கடம்.

அடுத்து, எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும். டார்ச் எடுத்துக்கொண்டு போய், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, போட்டோ எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாசடரில் மேட்டடார் வேனின் டீசல் எஞ்சினை மாட்டி ஓட்டுவது சகஜம். அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் அந்தக் கார் ஏல நிறுவனத்தின் முதல் சோதனையையே தாண்டாது.

புத்தக வடிவ ஆர்.சி. என்றால் அதன் விவரம் 'வாஹன்' என்ற அரசுக் கணினிப் பதிவில் இருக்கிறதா என்று போக்குவரத்துத் துறையின் பரிவாஹன் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் 'பேக்லாக் என்ட்ரி' போடச் சொல்ல வேண்டும். சொந்த உபயோகக் காருக்கு ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். பல ஷெட் கார்களில் இது விட்டுப்போயிருக்கும். எப்போதோ அடைத்த கடனுக்கான ஹெச்.பி. (கடன் கொடுத்தவர் பெயரில் உள்ள அடமானக் குறிப்பு) ஆர்.சி.யில் இன்னும் நிற்கலாம். அதை நீக்கப் படிவம் 35. வெளிநாட்டிலிருந்து வந்த கார் என்றால் சுங்கம் கட்டிய காகிதமும் வேண்டும்.

பழைய பில், சர்வீஸ் புத்தகம், கல்யாணத்தில் மாலை போட்டு நிற்கும் காரின் கறுப்பு வெள்ளைப் படம், எதையும் தூக்கிப் போடாதீர்கள். முக்கியமாக, 1989-க்கு முந்தைய எழுத்து வரிசையில் உள்ள பழைய மெட்ராஸ் நம்பர் இருந்தால் அதற்கென்றே ஆசைப்படுபவர்கள் உண்டு.

படி 2: கார் 'விண்டேஜ்' கணக்கில் வருமா என்று பாருங்கள்

2021-ல் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிதாகப் பதிந்தால் நம்பரில் 'விஏ' என்ற எழுத்து வரும், கட்டணம் ரூ.20,000, பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. இப்படிப் பதிந்த காரை தினசரி உபயோகத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். சேகரிப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மகாபலிபுரம் போக வாங்குபவருக்கு இது பெரிய பிரச்சினை. அதனால் விற்பதற்காகவே ஓடிப்போய் விண்டேஜ் பதிவு வாங்க வேண்டாம். யார் வாங்கப்போகிறார் என்று தெரிந்த பிறகு முடிவு செய்யலாம்.

படி 3: எத்தனை பேர் முட்டிக்கொள்வார்கள்?

முடிவு தெரிவது இந்தப் படியில்தான். ஏலத்தில் விலை ஏற வேண்டுமானால், அதே நாளில், அதே காரை, விட மனமில்லாமல் கேட்கும் ஆட்கள் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அவருக்கு மேல் விலை கேட்க ஆள் இருக்காது, கார் குறைந்தபட்ச விலையிலேயே நின்றுவிடும்.

உங்கள் காரைப் பற்றி இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதேபோல் இன்னொன்று வேண்டுமென்றால் ஒருவர் ஒரு மாதத்துக்குள் தேடிப் பிடித்துவிட முடியுமா?

பிரீமியர் பத்மினி மும்பை குர்லா தொழிற்சாலையிலிருந்து சுமார் 2000 வரை வந்துகொண்டிருந்தது. அம்பாசடர் 2014 வரை உத்தரபாராவில் தயாரானது. இவற்றைத் தேடுபவர் இன்று விட்டால் நாளை வேறொன்றைப் பிடித்துவிடுவார். அவர் ஏலத்தில் யாரோடும் மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. சென்னையில் 1960-களில் தயாரான இரண்டு கதவு ஹெரால்டு கொஞ்சம் அரிது. ஆனால் அதற்கான ரசிகர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டிலேயே இருப்பவர்கள். கார் மன்றத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி போட்டால் அவர்கள் அத்தனை பேருக்கும் எட்டிவிடும். அதற்கு மும்பையில் ஓர் ஏல நிறுவனம் எதற்கு?

மாறாக, சமஸ்தானத்துக்காக இறக்குமதியான 1930-களின் ரோல்ஸ் ராய்ஸோ, பாடியைத் தனியாகச் செய்யச் சொல்லிக் கட்டிய பியூக்கோ, முதல் பில்லிலிருந்து எல்லாக் காகிதமும் உள்ள காரோ உங்களிடம் இருந்தால் கதை வேறு. அப்படிப்பட்ட காரை வாங்கக்கூடியவர்கள் ஜெய்ப்பூரிலும் டெல்லியிலும் மும்பையிலும் சிதறி இருப்பார்கள், அவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அஸ்டகுரு போன்ற நிறுவனங்கள் இங்கே விண்டேஜ் கார்களை ஆன்லைனில் ஏலம் விட்டிருக்கின்றன. அவர்களுடைய வாடிக்கையாளர் பட்டியலுக்குத்தான் நீங்கள் கமிஷன் கொடுக்கிறீர்கள். வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பலாமே என்று கேட்பவர்களுக்கு: பழங்காலக் கார்களை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் கட்டுப்பாடு உண்டு. அந்தக் கனவை ஓரமாக வையுங்கள்.

படி 4: கையில் வரும் தொகையைக் கணக்கிடுங்கள்

ஏலத்தில் செய்தியாக வரும் விலை உங்கள் கைக்கு வரும் விலை அல்ல. இரண்டு பக்கமும் வெட்டு விழும். சுத்தியல் தட்டும் விலையில், அதாவது ஏலம் முடியும் கடைசி விலையில், விற்பவரிடம் கமிஷன் பிடிப்பார்கள். வாங்குபவரிடம் அதே விலைக்கு மேல் 'பிரீமியம்' வாங்குவார்கள். சதவீதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். புரிந்துகொள்ள ஒரு கணக்கு மட்டும்: கமிஷன் 10, பிரீமியம் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நேரடியாக 18 லட்சம் தரத் தயார். ஏலத்தில் அதே 18 லட்சம் உங்கள் கைக்கு வர, சுத்தியல் 20 லட்சத்தில் விழ வேண்டும். வாங்குபவர் 23 லட்சம் எடுத்து வைக்க வேண்டும். ஜி.எஸ்.டி., போட்டோ, லாரிக் கூலி இதில் சேரவில்லை. ஆக, கேள்வி இதுதான்: உங்கள் ஆளைவிட 5 லட்சம் அதிகமாகச் செலவழிக்கத் தயாராக இருக்கும் ஒருவரை ஏல நிறுவனம் கொண்டுவருமா? சில கார்களுக்குக் கொண்டுவரும். உங்கள் பத்மினிக்குக் கொண்டுவராது.

இன்னொன்றும் இருக்கிறது. ஏலம் ஊரறிய நடப்பது. விலை போகாமல் திரும்பினால் அதுவும் ஊரறியத் தெரிந்துவிடும். 2019 ஆகஸ்டில் அமெரிக்காவின் மான்டரேயில் 1939-ஆம் ஆண்டு போர்ஷே டைப் 64 ஏலத்துக்கு வந்தது. ஏலம் விட்டவர் 1.3 கோடி டாலர் என்று சொன்னது திரையில் 3 கோடி என்று ஏறியது. அப்படியே 7 கோடி வரை போன பிறகுதான் 'இல்லை, 1.7 கோடி' என்று திருத்தினார்கள். கூட்டம் கொதித்தது, கார் விற்காமலே போனது. நம் ஊரில் அந்த அளவுக்கு நாடகம் நடக்காது. ஆனால் 'அந்த வண்டி ஏலத்தில் போகலையாமே' என்ற பேச்சு மட்டும் எங்கும் ஒன்றுதான். அடுத்து வருபவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்.

நேரடி விற்பனையில் இந்தச் சிக்கல் இல்லை. 2018-ல் ஒரு ஃபெராரி 250 ஜி.டி.ஓ. ஏலத்தில் 4.84 கோடி டாலருக்குப் போனது. அதே ஆண்டு வேறொரு 250 ஜி.டி.ஓ. சத்தமில்லாமல் நேரடியாகக் கைமாறி, சுமார் 7 கோடி டாலர் என்று செய்தி வந்தது. இரண்டும் ஒரே மாதிரிக் கார் அல்ல, பந்தய வரலாறு வேறு. ஆனாலும் பெரிய விலைக்கு ஏலக்கூடம் வேண்டும் என்று சட்டம் இல்லை.

படி 5: ஏலம்தான் என்றால்

காரின் விவரமும் படங்களும் அனுப்பினால் ஒரு மதிப்பீடு சொல்வார்கள். மதிப்பீடு இனிப்பாக இருந்தால் மயங்க வேண்டாம். காரைப் பிடிப்பதற்காகவே உயர்த்திச் சொல்வதும் உண்டு. ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை விரலை வைத்துப் படியுங்கள்: ரிசர்வ் விலை, அதாவது அதற்குக் கீழே விற்கக் கூடாத தொகை, எழுத்தில் இருக்கிறதா? விற்காவிட்டால் என்ன செலவு உங்கள் தலையில்? நடுவில் மனம் மாறிக் காரைத் திரும்பக் கேட்டால் அபராதம் எவ்வளவு? ஏலம் முடிந்து எத்தனை நாளில் பணம் வரும்? விற்காத காரை இத்தனை நாள் வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற வரியும் எங்காவது ஒளிந்திருக்கலாம்.

பெயர் மாற்றத்தில் ஒரு குழப்பம் வரும். ஏலத்தில் வாங்கிய வாகனத்துக்குப் படிவம் 32 என்று இருக்கிறது. அது அரசு நடத்தும் பொது ஏலத்துக்கு. தனியார் நிறுவன ஏலத்துக்கு வழக்கமான 29, 30 படிவங்கள்தான்.

படி 6: நேரடி விற்பனை என்றால்

விலையைத் தீர்மானிக்க விளம்பரங்களை மட்டும் நம்பாதீர்கள். அங்கே இருப்பது கேட்கிற விலை, விற்ற விலை அல்ல. மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற மன்றங்களின் ஆட்களிடம், அந்த மாடலையே பார்க்கும் பழைய மெக்கானிக்கிடம் கேளுங்கள். இரண்டு மூன்று பேர் சொல்வது ஒரே பக்கம் சாய்ந்தால் அதுதான் சந்தை. கார் கன்சல்டிங்கில் விட்டாலும் விற்றுத் தருவார்கள், ஆனால் பழைய கார் தெரியாத கன்சல்டிங் என்றால் அதை மாருதி ஆல்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஆல்டோ விலைதான் சொல்வார்கள்.

விற்பதற்கு முன் பெயிண்ட் அடிக்காதீர்கள். இது நிறையப் பேர் செய்யும் வேலை. புது பெயிண்டைப் பார்த்ததும் விவரம் தெரிந்தவருக்கு வரும் முதல் சந்தேகம், 'அடியில் எவ்வளவு துரு, எவ்வளவு பட்டி?' என்பதுதான். மங்கிப்போன அசல் பெயிண்டுக்கு மரியாதை அதிகம். கழுவுங்கள், பேட்டரி மாற்றுங்கள், பிரேக் சரிசெய்யுங்கள், போதும். துரு இருக்கும் இடத்தை நீங்களே போட்டோ எடுத்துப் போடுங்கள். வீண் ஆட்கள் வருவது குறையும்.

பார்க்க வருபவர் மெக்கானிக்கைக் கூட்டிவரட்டும். அவர் வருவதற்கு முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள், தொட்டுப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கும் முன் லைசென்ஸைப் பாருங்கள், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கட்டும், பக்கத்து சீட்டில் நீங்களும் உட்காருங்கள்.

பணம் வங்கி வழியாகவே வரட்டும். ஒரே விற்பனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித் துறை அபராதம் போட முடியும், அதுவும் பணத்தைப் பெற்றவருக்கு. போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. உங்கள் கணக்கில் ஏறியதை நீங்களே பார்த்த பிறகு சாவி. சொந்த உபயோகக் காரில் வந்த லாபத்துக்குப் பொதுவாக மூலதன ஆதாய வரி இல்லை. தொழில் கணக்கில் தேய்மானம் எழுதிய கார் என்றால் ஆடிட்டரைக் கேளுங்கள்.

படி 7: பெயர் மாறும்வரை விடாதீர்கள்

படிவம் 29, 30-ல் கையெழுத்து. வெளி மாநிலத்துக்குப் போகிறது என்றால் என்.ஓ.சி.க்குப் படிவம் 28. தேதி, நேரம், வாங்குபவரின் அடையாள நகலோடு ஒரு டெலிவரி நோட். தேதி போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போய், 'அப்புறம் மாத்திக்கிறேன் சார்' என்று சொல்பவரிடம் ஜாக்கிரதை. விற்ற 14 நாளுக்குள் நீங்கள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வெளி மாநிலம் என்றால் 45 நாள்.

ஏன் என்பதற்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கே உதாரணம். 2007-ல் விற்ற கார், பெயர் மாறாமலே பல கை மாறி, 2009-ல் விபத்தில் சிக்கியது. இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆளின் மேல் விழுந்தது.

அதனால் வாங்கியவர் மாற்றுவார் என்று காத்திருக்காமல், முடிந்தால் அவரோடு நீங்களே சேர்ந்து விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். சில வாரம் கழித்துப் பரிவாஹனில் நம்பரை அடித்து, புதுப் பெயர் வந்துவிட்டதா என்று பாருங்கள். அப்படியே ஃபாஸ்டேக்கை மூடிவிட்டு, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் உங்கள் நோ கிளெய்ம் போனஸுக்கான (இழப்பீடு கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சலுகை காரோடு போவதில்லை, அடுத்து நீங்கள் வாங்கும் காருக்கு உதவும்.