இரண்டு மோடம், ஒரே ஐஆர்க்யூ: லினக்ஸில் பிபிபி தொங்கியபோது

பழைய லினக்ஸ் பிசி ஒன்றில் இரண்டு மோடம்கள்: ஒன்று இணையத்துக்கு, மற்றொன்று கிளை அலுவலகத்துக்கு. இரண்டும் பிபிபி (தொலைபேசி லைன் வழியே நெட்வொர்க் இணைப்பு தரும் நெறிமுறை) மூலம் இணைகின்றன. தனித்தனியாக டயல் செய்தால் குறையே இல்லை. இரண்டாவது இணைப்பு எழுந்ததும் முதலாவதில் பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) பதில் பல நொடி தாமதமாக வரும், அப்புறம் அறவே நின்றுவிடும்.

இப்படி நடந்தால் தொலைபேசி லைனைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் பக்கத்து இணைப்பு ஓடும்போது மட்டும் ஒரு லைன் கெடாதே? சீரியல் போர்ட்களின் அமைப்பைக் காட்டவும் மாற்றவும் உதவும் செட்சீரியல் கட்டளையில் பார்த்தேன். மோடம்கள் டிடிஒய்எஸ்0, டிடிஒய்எஸ்2 போர்ட்களில், அதாவது காம்1, காம்3 இல் இருந்தன. பிசி வழக்கப்படி இந்த இரண்டுக்கும் ஐஆர்க்யூ (கருவி செயலியை அழைக்கும் சமிக்ஞையான இன்டரப்டின் எண்) 4 தான். காம்2, காம்4 இரண்டுக்கும் 3. ஐஎஸ்ஏ என்ற பழைய வகை அட்டைகள் இப்படி ஒரே எண்ணைப் பகிர்ந்துகொண்டால் இன்டரப்ட் தொலைந்துபோகும்.

இரண்டாவது மோடம் அட்டையின் ஜம்பரை (ஐஆர்க்யூவைத் தேர்ந்தெடுக்கும் சிறு இணைப்பான்) 5-க்கு மாற்றி, செட்சீரியலிலும் அதே 5 கொடுத்தேன். ஜம்பரை மட்டும் மாற்றினால் போதாது, கெர்னலுக்கும் சொல்ல வேண்டும். மறுதொடக்கத்தில் இது மறந்துபோகும் என்பதால் பூட் ஸ்கிரிப்டிலும் சேர்த்தேன். தொங்கல் போய்விட்டது.

அடுத்து ரூட், அதாவது தரவு எந்த இணைப்பு வழியே போக வேண்டும் என்ற விதி. வேறு வழி குறிப்பிடாத தரவையெல்லாம் அந்த இணைப்பில் அனுப்பும் டிஃபால்ட்ரூட் விருப்பத்தை இணைய இணைப்புக்கு மட்டும் கொடுங்கள். கிளை நெட்வொர்க்கின் ரூட்டை, இணைப்பு எழுந்ததும் தானாக ஓடும் ஐபி-அப் ஸ்கிரிப்டில் சேர்க்கலாம். அங்கே பிபிபி1 என்று நேரடியாக எழுதாதீர்கள். இணைப்புகளுக்கு எழும் வரிசையில்தான் பெயர் கிடைக்கும்; முதலில் எழும் இணைப்புதான் பிபிபி0 ஆகும், எனவே கிளை இணைப்பு எப்போதும் பிபிபி1 ஆக இருக்காது. ஐபிபேரம் விருப்பத்தில் ஒரு பெயர் வைத்தால் அது ஸ்கிரிப்டுக்கு ஆறாவது மதிப்பாக வரும். அதை வைத்தே கிளை இணைப்பை அடையாளம் காண்கிறேன்.