பழைய புல்லட்டின் வளைந்த கார்புரேட்டரைக் கண்ணாடியில் தேய்த்து மீட்பது எப்படி?

வண்டி குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும். பத்து நிமிடம் ஓட்டி, சிக்னலில் நின்றால் ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் இறங்காது. ஐட்லிங் திருகைத் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை அமைக்கும் திருகு) தளர்த்தி வேகத்தைக் குறைத்தால் அணைந்துவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நுனி சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். பழைய புல்லட் 350 வைத்திருப்பவர்களில் பலருக்கு இந்தத் தொல்லை பழக்கமானது. என் வண்டிக்கும் இதுதான் வந்தது. பார்த்த மெக்கானிக், கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) தேய்ந்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள் என்றார். கழற்றிப் பார்த்தபோது அது தேயவில்லை, வளைந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையில் அது சரியாகிவிட்டது.

1955இல் மதராஸில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டுகளைப் பற்றித்தான் சொல்கிறேன். என்னுடையதில் இருப்பது மிக்கார்ப் விஎம்24 என்ற கார்புரேட்டர். இரண்டு ஸ்டட்டுகளில் (தலையில்லாத திருகுக் கம்பிகள்) நட்டுப் போட்டு, தட்டையான முகம் நேராக இன்ஜினோடு சேரும் எந்தப் பழைய கார்புரேட்டருக்கும் இந்தச் செய்முறை பொருந்தும்.

ஏன் வளைகிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டாம். சரிசெய்தது ஆறு மாதத்தில் மறுபடி வளைந்துவிடும்.

கார்புரேட்டரின் முகத்தில் நடுவே துளை, அதைச் சுற்றி ஒரு பள்ளம், பள்ளத்தில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். இருபுறமும் நட்டுப் போடுவதற்கு இரண்டு காதுகள். ஓ-ரிங் முகத்தைவிடச் சற்றே மேலெழும்பி நிற்கும். நட்டை முடுக்கும்போது அது அமுங்கி, காற்றுப் புகாமல் அடைக்கும். கை சும்மா இராமல் மேலும் மேலும் முடுக்கினால், நடுவே ரிங் தாங்கிக்கொண்டிருக்க, இரண்டு காதுகளும் இன்ஜின் பக்கமாக வளைகின்றன. பழைய கார்புரேட்டர்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. மென்மையான உலோகம், அதோடு இன்ஜின் சூடு. முகம் நாளடைவில் குழிந்துவிடுகிறது. பிறகு ரிங் கெட்டிப்பட்டதும் அந்த இடைவெளி வழியே காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. காற்று புகுவதைப் பார்த்தவர் என்ன செய்வார்? இன்னும் ஒரு சுற்று முடுக்குவார். கசிவு அதனாலேயே கூடும்.

உறுதிசெய்ய ஒரு எளிய வழி. இன்ஜின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது, கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இணைப்பின் மேல் சிறிய தெளிப்பான் மூலம் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஓட்டம் தடுமாறினால் கசிவு அங்கேதான். பெட்ரோலையோ தீப்பற்றும் ஸ்பிரேயையோ சூடான இன்ஜின்மேல் அடித்துச் சோதிக்காதீர்கள்.

தேவையான பொருள்கள்

கண்ணாடிக் கடையில் 6 மி.மீ. கனமுள்ள சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கேளுங்கள். ஒரு தாள் அளவு போதும், விளிம்பைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். டஃபன்டு கண்ணாடி வேண்டாம், சூளையில் பதப்படுத்தும்போது அதில் மெல்லிய அலை விழுந்திருக்கும். 320, 400, 600 எண் தண்ணீர் உப்புத்தாள்கள், எஃகு ஸ்கேல், ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), மார்க்கர் பேனா, டார்ச், மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ், புதிய ஓ-ரிங், புதிய கேஸ்கட் (இணைப்பை அடைக்கும் மெல்லிய தகடு). சென்னையில் இருப்பவர்களுக்கு வண்டி உதிரிபாகங்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைத்துவிடும்.

கழற்றுவது

இன்ஜின் முழுவதும் ஆறட்டும். காற்றோட்டமான இடம், அருகில் அடுப்போ விளக்கோ இருக்கக் கூடாது. பெட்ரோல் டேப்பை மூடி, குழாயை உருவி, கீழ்க் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். மேல்மூடியைத் திருகி எடுத்தால் ஸ்லைடும் (ஆக்சிலரேட்டரைத் திருகும்போது ஏறி இறங்கும் உருளை) ஊசியும் கேபிளோடு வெளியே வரும். அவற்றைக் கழற்ற வேண்டியதில்லை, சுத்தமான துணியில் சுற்றித் தொங்கவிட்டால் போதும். காற்று வடிகட்டிக் குழாயைத் தளர்த்தி, இரண்டு நட்டுகளையும் மாற்றி மாற்றித் தளர்த்தி எடுங்கள். உடனே இன்ஜின் துளையில் துணியைத் திணித்துவிடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற நேரிடும்.

மேசையில் ஒரு வெள்ளைத் துணி விரித்து உள்பாகங்களைப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுங்கள். பக்கவாட்டில் உள்ள காற்றுத் திருகைக் கழற்றும் முன், அதை உள்நோக்கி மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் அடியைத் தொடுகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு கிண்ணம், மிதவை, மிதவை ஊசி, இரண்டு ஜெட்டுகள் (பெட்ரோல் பாயும் சிறு துளையுள்ள பித்தளைத் திருகுகள்). ஜெட்டுக்குப் பொருந்தும் அகலமான ஸ்க்ரூ டிரைவரையே பயன்படுத்துங்கள். பித்தளைத் தலை ஒருமுறை சிதைந்தால் எடுப்பது பெரும்பாடு.

கார்புரேட்டரை வண்டியருகே கொண்டுபோய், தொங்கும் ஸ்லைடை அதன் இடத்தில் விட்டு ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென ஆடினால் உள்சுவர் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்படியிருந்தால் முகத்தைத் தேய்த்து மட்டும் பயனில்லை.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடும் பழக்கம் உண்டு. அந்த நினைவில் கார்புரேட்டரைப் புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைக்காதீர்கள். அமிலம் துத்தநாகத்தை அரித்துவிடும். மண்ணெண்ணெயும் பிரஷும் போதும். ஜெட் துளையில் ஊசியோ எஃகுக் கம்பியோ விடவே கூடாது. அடைப்பு இருந்தால் மின்வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை எடுத்து நுழையுங்கள். செம்பு மென்மையானது, துளையைப் பெரிதாக்காது.

அளப்பது

பழைய ஓ-ரிங்கை எடுத்துவிட்டு, ஸ்கேலின் விளிம்பை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு முகத்தின் குறுக்கே நிறுத்துங்கள். பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். நேரான முகத்தில் வெளிச்சம் தெரியாது. என்னுடையதில் நடுவே பிறை நிலவுபோல் ஒரு கீற்று தெரிந்தது. ஃபீலர் கேஜ் வைத்தால் 0.20 மி.மீ. நுழைந்தது. இந்த அளவு கையால் தேய்க்கக்கூடியது. அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் நல்ல லேத் பட்டறையில் கொடுப்பதுதான் சரி. காதுகளைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். இந்த வார்ப்பு உலோகம் பட்டென்று ஒடிந்துவிடும்.

தேய்ப்பது

கண்ணாடியை ஈரத் துணிமேல் வையுங்கள், நகராது. 320 எண் தாளை நனைத்து அதன்மேல் ஒட்டவிட்டு, இரண்டு சொட்டு சோப்புத் தண்ணீர் விடுங்கள். முகம் முழுவதும் மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள்.

முகத்தைத் தாளின்மேல் வைத்து, எட்டு என்ற எண்ணை எழுதுவதுபோல் நகர்த்துங்கள். விரல்கள் முகத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். வால் பக்கத்தைப் பிடித்துத் தள்ளினால் கார்புரேட்டர் சாய்ந்து ஒரு விளிம்பு மட்டும் தேயும். புதிதாகச் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். அழுத்தம் தேவையில்லை, அதன் எடையே போதும். பத்துச் சுற்றுக்கு ஒருமுறை கார்புரேட்டரைக் கால் வட்டம் திருப்பிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காதுகளின் நுனியில் மட்டும் மை அழியும். நடுவில் மை அப்படியே இருக்கும். அவசரப்படாமல் தொடருங்கள். மெல்ல மெல்ல இருபுறமிருந்தும் பளபளப்பு நடுவை நோக்கி நகர்ந்து வருவதைப் பார்க்கலாம். அந்தக் காட்சிக்காகவே இந்த வேலை எனக்குப் பிடிக்கும். துளையைச் சுற்றிலும் இடைவெளியில்லாத ஒரு வளையமாக மை அழிந்ததும் 320ஐ நிறுத்திவிடுங்கள். 400, 600 தாள்களில் சில சுற்றுகள் போதும். எனக்கு மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. ஸ்கேலும் டார்ச்சும் கொண்டு குறுக்காகவும் மூலைவாட்டிலும் மறுபடி சோதியுங்கள்.

இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் வரும் பேக்கலைட் (சூட்டைத் தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக்) துண்டையும் பாருங்கள். அது வளைந்திருந்தால் தேய்க்க வேண்டாம், புதியது வாங்குங்கள். பழைய பேக்கலைட்டின் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

ஓ-ரிங் என்ற சின்ன விஷயம்

முகம் தேய்ந்த அளவுக்குப் பள்ளத்தின் ஆழம் குறைந்திருக்கும். அதே கனமுள்ள ரிங்கைப் போட்டால் அது முன்னைவிட அதிகமாக எழும்பி நிற்கும், காதுகள் மறுபடி வளையும். ரிங்கை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். முகத்துக்குமேல் சிறிதளவே தெரிய வேண்டும். தூக்கலாக இருந்தால் ஒரு படி மெல்லிய ரிங்கைத் தேடுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ரிங் பெட்ரோலில் ஊதிவிடும். இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் விட்டான் (பெட்ரோலைத் தாங்கும் செயற்கை ரப்பர்) ரிங்கே நல்லது. சிலிக்கான் பசையைத் தடவ வேண்டாம். பெட்ரோலில் அது நெகிழ்ந்து, துணுக்குகளாகப் பெயர்ந்து ஜெட்டை அடைக்கும்.

மாட்டுவது

தேய்த்த துகள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. சோப்புத் தண்ணீர், பிறகு மண்ணெண்ணெய், பிறகு ஒவ்வொரு சிறு துளையிலும் கார்புரேட்டர் கிளீனர். அடிக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். திரவம் எதிர்பாராத துளை வழியாகப் பீறிட்டுக் கண்ணில் படும். முழுக்க உலர்ந்ததும் படங்களைப் பார்த்துக் கோத்துவிடுங்கள். இன்ஜின் துளையில் திணித்த துணியை எடுக்க மறக்காதீர்கள்.

நட்டுகளை விரலால் திருகும்வரை திருகி, பிறகு குட்டை ஸ்பேனரை இரண்டு விரல்களால் மட்டும் பிடித்து, இந்தப் பக்கம் கால் சுற்று, அந்தப் பக்கம் கால் சுற்று என்று முடுக்குங்கள். முகங்கள் தொட்டதும் கையில் தெரியும். அதற்குமேல் ஒரு சிறு அழுத்தம், அவ்வளவுதான். தளர்ந்துவிடாமல் ஸ்பிரிங் வாஷர் பார்த்துக்கொள்ளும்.

காற்றுத் திருகை எழுதி வைத்த அளவுக்கு வையுங்கள். குறிப்பு இல்லையென்றால் அடியிலிருந்து ஒன்றரைச் சுற்று. பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகு, ஐட்லிங் திருகைச் சற்று ஏற்றி, காற்றுத் திருகைக் கால் கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, ஓட்டம் சீராக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். உள்ளே திருகினால் பெட்ரோல் மிகும், வெளியே எடுத்தால் காற்று மிகும். பிறகு ஐட்லிங்கை இறக்குங்கள். ஒவ்வொரு டப்பும் தனித்தனியாகக் கேட்கும்வரை இறக்கலாம், இப்போது அணையாது.

நூறு கிலோமீட்டர் ஓடியதும், இன்ஜின் ஆறிய பிறகு நட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். நுனி காபித்தூள் நிறத்தில் இருந்தால் துடைத்து மாட்டிவிடுங்கள். இன்னும் வெளுத்திருந்தால் தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்து, இந்த முறை சிலிண்டர் ஹெட் பக்கத்து முகத்தில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.