காலச்சொல் முதலில், துணைவினை பிறகு

ஆங்கிலத்தில் எழுதும்போது 'மஸ்ட்', 'குட்' (could) போன்ற துணைவினைகள் என்னைப் பாடாய்ப்படுத்தின. இப்போது 'நேற்று', 'நாளை' போன்ற காலச்சொல்லை முதலில் குறித்துக்கொண்டுதான் துணைவினையைத் தேடுகிறேன்.

'டுமாரோ' என்றால் தொல்லையில்லை: 'மஸ்ட் கோ', 'மைட் கோ' எதுவும் பொருந்தும். 'யெஸ்டர்டே' என்றால் கேள்வி எழுகிறது. கட்டாயத்தால் போனாரா? 'ஹேட் டு கோ'. போயிருப்பார் என்ற ஊகமா? 'மஸ்ட் ஹேவ் கான்'. போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லையா? 'ஷுட் ஹேவ் கான்'. நம் 'போயிருக்க வேண்டும்' பின்னிரண்டையும் ஒன்றாகச் சுமப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

'குட்' இன்னும் வம்புக்காரன். ஐந்து வயதிலேயே நீந்தத் தெரிந்ததைச் சொல்ல 'குட் ஸ்விம்' போதும். நேற்று ஓடிப்போய் ரயிலைப் பிடித்ததற்கோ 'வாஸ் ஏபிள் டு கேட்ச்' வேண்டும். தவறவிட்டிருந்தால் 'குடன்ட் கேட்ச்' தாராளமாகச் செல்லும். ஒருமுறை கிட்டிய வெற்றிக்கு மட்டும் இந்தக் கெடுபிடி!