பேட்டரி சேமிப்பு நிலையத்தில் புகை வந்தால் யார் எங்கே போவது, யார் யாரைக் கூப்பிடுவது

பேட்டரி நிலையத்துக்கு அவசரத் திட்டம் எழுதச் சொன்னால், பலரும் பழைய தொழிற்சாலைத் திட்டம் ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். அது இங்கே ஒத்துவராது. லித்தியம் அயான் செல் ஒன்று கட்டுமீறிச் சூடாகத் தொடங்கினால், தீ கண்ணில் படுவதற்கு முன்பே ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு போன்ற தீப்பற்றும் வாயுக்கள் பேட்டரிகளை அடுக்கி வைத்திருக்கும் கண்டெய்னருக்குள் சேர்ந்துவிடலாம். 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில், மெக்மிக்கன் பேட்டரி நிலையத்தில் தீயணைப்பு வீரர்கள் கதவைத் திறந்த சற்று நேரத்தில் உள்ளே சேர்ந்த வாயு வெடித்துப் பலர் படுகாயமடைந்தார்கள். அதனால் உங்கள் திட்டத்தின் முதல் வரி இதுதான்: கதவைத் தொடாதே, தீயணைப்பான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகாதே, வெளியேறு.

எங்கே போவது? கூடுமிடம் ஒன்று போதாது, எதிரெதிர் திசைகளில் இரண்டு வேண்டும், ஏனென்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. எல்லா இடத்திலிருந்தும் தெரிகிற மாதிரி காற்றுத் திசை காட்டும் துணிப்பை ஒன்றை உயரமாகக் கட்டுங்கள், காற்று வரும் பக்கம் இருக்கும் கூடுமிடத்துக்குப் போகப் பழக்குங்கள். கண்டெய்னர் கதவுக்கு நேர் எதிரே கூடுமிடம் வேண்டவே வேண்டாம், வெடித்தால் கதவு பறக்கும் பக்கம் அது. எவ்வளவு தூரம் என்பதை நீங்களே மனக்கணக்காகப் போடாமல், உங்கள் கண்டெய்னர் வெடித்தால் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்ற ஆய்வை வைத்துத் தீயணைப்புத் துறையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

அப்புறம் ஆட்களை எண்ணுவது. வருகைப் பதிவேடு உள்ளே அலுவலக மேசையில் இருந்தால் ஓடும்போது யாரும் எடுக்க மாட்டார்கள், கேட்டில் இருக்கட்டும். பராமரிப்புக்கு வந்த காண்ட்ராக்டர் ஆட்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும், பெரும்பாலும் விட்டுப்போவது அவர்கள்தான்.

தீயணைப்புத் துறையைக் கூப்பிட மேலாளரின் அனுமதி தேவை என்று எங்காவது எழுதியிருந்தால் இன்றே அடித்துவிடுங்கள். புகையைப் பார்த்தவர், அது இரவு ஷிப்ட் செக்யூரிட்டியாக இருந்தாலும், வெளியே வந்த உடனே கூப்பிடலாம். பதற்றத்தில் வார்த்தை வராது என்பதால் சொல்ல வேண்டியதை ஒரு அட்டையில் எழுதி கேட்டில் மாட்டுங்கள்:

"இது லித்தியம் பேட்டரி நிலையம். … எண் கண்டெய்னரில் புகை. காற்று … பக்கம் அடிக்கிறது. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் / … பேர் வரவில்லை. … கேட் வழியாக வாருங்கள்."

இதற்காகவே கண்டெய்னர் எண்களைத் தூரத்திலிருந்து படிக்கிற அளவுக்குப் பெரிதாக எழுத வேண்டும்.

தீயணைப்பு வண்டி வந்ததும் வீரர்கள் கேட்பது வெப்பநிலை எவ்வளவு, வாயு அளவு எவ்வளவு என்பதுதான். அந்த எண்கள் எரியும் கண்டெய்னருக்குப் பக்கத்துத் திரையில் மட்டும் தெரிந்தால் யாருக்கு என்ன பயன்? தொலைவில் இருக்கும் கட்டுப்பாட்டு அறையில் தெரிய வேண்டும், அங்கே 24 மணி நேரமும் போன் எடுக்க, பேட்டரி தெரிந்த ஒருவர் வேண்டும். நிலையம் சோதனை ஓட்டத்தில் இருக்கும் நாட்களில் இன்னும் கவனம்: 2021 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சோதனை ஓட்டத்தில் இருந்த ஒரு பேட்டரி நிலையத்தில் தீப்பிடித்தபோது, எரிந்த பேட்டரி யூனிட்டின் கண்காணிப்பு முழுமையாக இயங்கவில்லை. இன்னொன்று, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று தீயணைப்பு வீரர்களிடம் நிம்மதியாகச் சொல்லாதீர்கள், செல்லுக்குள் மின்சாரம் அப்படியேதான் இருக்கும்.

சுற்றியிருக்கும் மக்களுக்கான அறிவிப்பையும் இப்போதே எழுதி வையுங்கள். வீட்டுக்குள் இருந்து ஜன்னலை மூடுவதா, வெளியேறுவதா என்பதை அதிகாரிகள் முடிவு செய்வார்கள். உங்கள் வேலை அவர்களுக்கு உண்மையை உடனே கொடுப்பது. கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங் பேட்டரி நிலையத்தில் 2025 ஜனவரியில் தீப்பிடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற வேண்டியிருந்தது, நெடுஞ்சாலையும் மூடப்பட்டது. அதே இடம் பிப்ரவரியில் மறுபடி பற்றிக்கொண்டது. ஆகவே திரும்ப உள்ளே போகலாம் என்று சொல்பவர் யார் என்பதைப் பதவிப் பெயரோடு எழுதுங்கள், புகை நின்றுவிட்டது என்பது மட்டும் காரணமாகாது.

ஒத்திகையை ஒரு முறையாவது இரவில் வையுங்கள். ஒரு ஆளைச் சொல்லாமல் ஒளித்துவையுங்கள், எண்ணுபவர் கண்டுபிடிக்கிறாரா என்று பாருங்கள்.