விட்டுவிட்டுச் சூடேறும் கார் எஞ்சின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிநாயக்கனூரிலிருந்து முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கோ மூணாறுக்கோ செல்லும் கார்களில் ஒரு வகை உண்டு. பாதி மலையில் வெப்பமானி முள் சிவப்பைத் தொடும். வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் நிறுத்தினால் இறங்கிவிடும். மறுநாள் எங்கள் பட்டறைக்கு வந்து ஒரு மணி நேரம் ஓடவிட்டாலும் முள் நடுவை விட்டு அசையாது. எப்போதும் சூடாகும் வண்டியைவிட இப்படி எப்போதாவது சூடாகும் வண்டிக்கே உரிமையாளர்கள் அதிகப் பணம் செலவழிக்கிறார்கள். குறை கண்ணுக்குத் தெரியாததால், கூலண்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தின் வழியைச் சூட்டுக்கேற்பத் திறக்கும் தெர்மோஸ்டாட், அதைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப், அதன் சூட்டை ஆற்றும் ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான் இதற்குக் காரணம்.

பாகத்தைத் தொடுவதற்கு முன்பு, எந்த நிலையில் சூடேறியது என்பதை உரிமையாளரிடம் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும். நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்தபோது ஏறி, வேகமெடுத்ததும் இறங்கியது என்றால், ஓட்டத்தில் தானாக வரும் காற்று போதுமாக இருக்கிறது, நிற்கும்போது காற்றை இழுக்க வேண்டிய ஃபேன்தான் வேலை செய்யவில்லை என்று பொருள். தெருவில் நன்றாக ஓடி, ஏற்றத்திலோ நெடுஞ்சாலை வேகத்திலோ மட்டும் சூடானால், ரேடியேட்டரின் அடைப்பையும் கூலண்ட் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். முள் ஒரே நொடியில் துள்ளி மேலே போய் அதே வேகத்தில் திரும்பினால், பெரும்பாலும் அது சென்சார் அல்லது ஒயர் இணைப்பின் கோளாறு. உண்மையான சூடு படிப்படியாகத்தான் ஏறும்.

முள்ளை மட்டும் நம்புவதும் தவறே. பல கார்களில் கூலண்ட் சூடு ஓரளவு கூடினாலும் குறைந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள்; சில புதிய கார்களில் முள்ளே கிடையாது, விளக்கு மட்டும்தான். வண்டியின் கணினித் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி துளையில் பொருத்தும் சிறிய ப்ளூடூத் கருவியை வாங்கிக் கைப்பேசியில் கூலண்ட் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே மலை ஏறினால், எந்த வளைவில் எத்தனை டிகிரி கூடுகிறது என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.

சென்ற சித்திரையில் பூப்பாறையிலிருந்து வந்த ஒரு கார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வேறொரு பட்டறையில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் புதிதாகப் போட்டிருந்தார்கள். ரேடியேட்டரையும் இரண்டு முறை முன்பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவியிருந்தார்கள். ஆனாலும் ஏற்றத்தில் சூடாவது நிற்கவில்லை. முன்னால் நிற்பது ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டையும் பிரித்தபோது, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இலவம் பஞ்சும் பூச்சிச் சிறகும் செம்மண்ணும் சேர்ந்து கம்பளித் துணிபோலப் படிந்து கிடந்தன. எங்கள் பகுதியில் இலவங்காய் வெடிக்கும் காலத்தில் பஞ்சு சாலையெங்கும் பறக்கிறது. முன்பக்கமிருந்து வேகமாக அடித்த தண்ணீர் அதை இன்னும் உள்ளே அழுத்தியிருந்தது. மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டோம். அந்த வண்டிக்குப் புதிய பாகம் எதுவும் தேவைப்படவில்லை.

‘ஃபேன் சுற்றுகிறதே’ என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. பல கார்களில் ஃபேனுக்கு இரண்டு வேகங்கள் உண்டு. குறைந்த வேகம் போய்விட்டால் சூடு நன்றாக ஏறிய பிறகே அது சுற்றத் தொடங்கும். மோட்டார் பிரஷ் தேய்ந்திருந்தாலும், ரிலே சூட்டில் ஒட்டிக்கொண்டாலும், எர்த் ஒயர் தளர்ந்திருந்தாலும், காலையில் சுற்றும் ஃபேன் மாலையில் நின்றுவிடும். ஏசி போட்டவுடன் ஃபேன் வருகிறதா, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகும் வருகிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியை ஓட்டுவது எங்கள் ஊரில் இன்னும் வழக்கத்தில் இருக்கிறது; இது கூடாது என்றே கண்டிப்பாகச் சொல்வேன். அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் எரிபொருளை வீணாக்கும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழி மூடாமல் போவதால், கூலண்ட்டின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி, சூடு இன்னும் கூடும். சந்தேகம் இருந்தால் கழற்றிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஒட்டி, பெரும்பாலும் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியை யாரும் சந்தேகிப்பதில்லை. பொதுவாக 0.9 முதல் 1.1 பார் வரை அழுத்தத்தைத் தாங்கும் அந்த மூடியால்தான், உள்ளே இருக்கும் வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறைவதால், ஸ்பிரிங் தளர்ந்த மூடி போடியில் தாக்குப்பிடித்தாலும் மெட்டுக்குப் போகும் முன் கைவிட்டுவிடும். விலை குறைந்த பாகம் என்பதால், வண்டிக்குரிய பார் எண்ணைப் பார்த்து மாற்றிவிடுவதே நல்லது.

கூலண்ட் குறைந்த இடத்தில் போர்வெல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால், ரேடியேட்டரின் நுண்குழாய்களில் உப்புப் படியும். ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழைய வழக்கம் அவசரத்துக்கு ஊர் வந்து சேர உதவலாம்; ஆனால் அந்தத் தூள் ஹீட்டர் குழாயிலும் போய்த் தங்கிவிடும். நிறம் ஒத்திருக்கிறது என்று இரண்டு வகை கூலண்ட்டைக் கலப்பதும் கூடாது. புதிதாக ஊற்றிய பிறகு காற்றை முழுமையாக வெளியேற்றாவிட்டால், உள்ளே தங்கிய காற்றுக் குமிழே அடுத்த பயணத்தில் சூட்டைக் கிளப்பும்.

எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டை உடனே குறை சொல்வதும், கடைசி வரை மறந்திருப்பதும் தவறு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிய சில நிமிடங்களிலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலோ, கூலண்ட் தொட்டியில் குமிழிகள் ஓயாமல் வந்தாலோ, வெளியே ஒழுகாமலே கூலண்ட் குறைந்தாலோ, ஹெட்டைக் கழற்றும் முன்பு எஞ்சினுக்குள் எரிந்த வாயு கூலண்ட்டில் கசிவதைக் காட்டும் நீலத் திரவச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். திரவம் மஞ்சளாக மாறினால் வாயு கசிகிறது என்பதில் ஐயமில்லை.

மலையில் முள் ஏறத் தொடங்கினால் ஏசியை நிறுத்தி, எஞ்சின் சூட்டை இழுத்துக்கொள்ள ஹீட்டரை முழுதாகத் திறந்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள். ஆவி வந்தாலோ முள் சிவப்புக்குள் போனாலோ எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டும். சூடான மூடியைத் துணி போட்டுக்கூடத் திறக்காதீர்கள். பீறிடும் நீர் முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்துவிடும். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விடக்கூடும்.

பழுது சரியாகிவிட்டதா என்பதைப் பட்டறை வாசலில் நிறுத்தி ஓடவிட்டு முடிவு செய்யாதீர்கள். முன்பு சூடேறிய அதே சாலையில், அதே சுமையோடு, அதே வெயில் நேரத்தில் ஏசி போட்டு ஏறிப் பாருங்கள். மறுநாள் காலை எஞ்சின் முழுதும் குளிர்ந்த பிறகு கூலண்ட் மட்டத்தைத் தொட்டியில் குறித்த கோட்டோடு ஒப்பிடுங்கள்.