பிள்ளை நீட்டை மறுபடி எழுதலாமா?
மார்க் வந்த அன்றைக்கே முடிவெடுக்காதீர்கள். பிள்ளை அழுது ஓயட்டும். பிறகு ஓஎம்ஆர் விடைத்தாள் நகலையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்து, தப்பான கேள்விகளை இரண்டாகப் பிரியுங்கள்: பாடமே தெரியாதது, தெரிந்தும் அவசரத்தில் கோட்டைவிட்டது. ஒரு தப்புக்கு வரவேண்டிய 4 மார்க்கும் போய், கூடுதலாக ஒன்று கழியும். அப்படி 20 கேள்வி என்றால் 100 மார்க்! கோட்டைவிட்டதே அதிகமென்றால் தைரியமாக எழுதச் சொல்லுங்கள். இயற்பியலில் அடிப்படையே ஆட்டம் என்றால் மாதிரித் தேர்வுகள் மட்டும் போதாது. ஒரு வருடம் உட்கார்ந்து முதலிலிருந்து படிக்க மனசிருக்கிறதா என்று பிள்ளையிடமே கேளுங்கள். உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் போன வருடம் கடைசி சீட் எந்த மார்க்குக்குப் போனது என்பதையும் பாருங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால், தமிழ்நாட்டின் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக் கட்-ஆஃப் தனி.