வயல் நெல்லு வெளிச்சத்துக்கு எப்பிடி வளருது எண்டு எக்செல்லிலயே போட்டுப் பாக்கலாம்

பெரிய சாப்ட்வேர் ஒண்டும் தேவையில்ல, ஒரு வரி ஒரு நாள் எண்டு வையுங்கோ. முதல் கொலத்தில அண்டைக்கு விழுந்த வெயில், சதுர மீற்றருக்கு 18 மெகாஜூல் எண்டு வைப்பம், அதில பாதிதான் ஒளித்தொகுப்புக்கு உதவும், அப்ப 9. அடுத்தது இலைப்பரப்புச் சுட்டெண், அதாவது ஒரு சதுர மீற்றர் நிலத்துக்கு மேல எத்தினை சதுர மீற்றர் இலை நிக்குது எண்டது. இதை 0.5 ஆல (இலை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்குது எண்டு காட்டிற எண்) பெருக்கி, மைனஸ் போட்டு எக்செல்லின்ர EXP சூத்திரத்தில குடுத்து, வாறதை 1 இல இருந்து கழிச்சா பயிர் பிடிச்ச வெளிச்சப் பங்கு வரும். சுட்டெண் 1 எண்டா 39 வீதம், 3 எண்டா 78, 6 எண்டா 95, அதுக்கு மேல இலை கூடினாலும் பெரிசா லாபமில்ல, எனக்கு இந்த மொடலில ஆகப் பிடிச்ச இடமே இதுதான்!

பயிர் பிடிச்ச ஒவ்வொரு மெகாஜூலுக்கும் 2 கிராம் உலர் எடை வளர்ச்சி எண்டு போடுங்கோ, சுட்டெண் 1 இல 7 கிராம் வரும். இளம் பயிரெண்டா பாதி இலைக்குப் போகுது எண்டு வைச்சு, ஒரு கிராம் இலைக்கு 0.02 சதுர மீற்றர் கூட்டினா நாளைக்குச் சுட்டெண் 1.07, பிறகு கீழ இழுத்து விடுங்கோ.

இதில தண்ணிக் கணக்கு இல்ல, அதால கிளிநொச்சி இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணி பாயிற வயலுக்குச் சரிவரும், மானாவாரிக் கச்சானுக்கு நம்பாதேங்கோ. மத்தியானம் போன் லைட் மீற்றரைப் பயிருக்கு மேலயும் அடியிலயும் பிடிச்சு, பயிர் பிடிச்ச பங்கு மொடல் சொல்லுறதோட ஒத்துவாற மாதிரி 0.5 ஐ உங்கட வயலுக்கு ஏத்தமாதிரித் திருத்துங்கோ.